முப்பிடாதியின் மேசையும் நகராட்சியின் சில்லறைத் திருத்தங்களும்

1

போன வாரம் எங்கள் ஆபீசில் ஹெலன் ஒரு பிழையைக் கண்டுபிடித்தாள். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. கண்டுபிடித்த சந்தோஷத்தில் கன்னமெல்லாம் சிவந்திருந்தது. நகரத்தின் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"இந்த வரி தோட்டக் குடியிருப்பு என்று ஒரு மண்டலத்தைப் பற்றிப் பேசுகிறது. அப்படி ஒரு மண்டலம் வரைபடத்தில் இல்லை. புத்தகத்தில் வேறு எந்தப் பக்கத்திலும் இல்லை. இது எப்படி யார் கண்ணிலும் படாமல் போயிற்று? இந்த வருடப் பட்டியலில் சேர்த்து நீக்கிவிடலாமா?"

யார் கண்ணிலும் படாமலா? அந்த வரியால் என் வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோனது. என் மனைவி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மேயர் முன்னால் போய் நின்றாள். ஆனால் இதையெல்லாம் ஹெலனிடம் சொல்ல எனக்கு அனுமதி கிடையாது. "திங்கட்கிழமை முடிவு செய்யலாமே" என்று சொல்லி அனுப்பினேன்.

உங்களிடம் சொல்லலாம். சங்கரன்கோவில்காரர்களிடம் பேசக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

2

ஊருக்கு வரும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தொடங்கி கல்யாணப் பந்தி வரை என்னிடம் கேட்கப்படும் கேள்வி, அங்கே உனக்கு என்ன வேலை என்பதுதான். கனடாவில் ஒரு நடுத்தர நகரத்தின் நகராட்சியில், திட்டப் பிரிவில் இருக்கிறேன் என்பேன். கேட்டவர் முகம் சட்டென்று மலர்ந்துவிடும்.

"பிளான் பாஸ் பண்ணுத எடமா? பொறவென்னவே, பசையான எடம்லா!"

பசையும் இல்லை, ஈரமும் இல்லை. இத்தனை வருட சர்வீசில் ஒரு ஆள் எனக்கு ஒரு டீ வாங்கித் தந்தது கிடையாது. தந்தாலும் அதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும்.

என் வேலை இதுதான். எந்த ஊருக்கும் எங்கே எதைக் கட்டலாம் என்று ஒரு சட்டம் இருக்குமில்லையா? வீட்டுக்கும் ரோட்டுக்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும், வேலி எத்தனை அடி உயரம், கொல்லையில் கோழி வளர்க்கலாமா, வளர்த்தால் சேவல் உண்டா என்பது வரை இந்த ஊர்ச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. சேவல் கிடையாது. இவ்வளவு பெரிய புத்தகத்தில் பிழைகள் இல்லாமல் இருக்குமா? இடித்த பாலம் இன்னும் ஒரு பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும். பெயர் மாறிய இலாகா பழைய பெயரிலேயே அதிகாரம் பண்ணிக்கொண்டிருக்கும். நாற்பதாம் பிரிவைப் பார்க்கவும் என்பார்கள், அங்கே போனால் கழிவுநீர் இருக்கும். இப்படிப்பட்ட சின்னச் சின்னப் பிழைகளை வருடம் முழுக்கப் பொறுக்கிச் சேர்த்து, கோடையில் ஒரே பட்டியலாக்கி, மாமன்றத்தின் முன்னால் வைத்து ஒட்டுமொத்தமாகத் திருத்த வேண்டும். அந்தப் பொறுக்குகிற வேலைக்குச் சம்பளம் வாங்குபவன் நான்.

இதற்கு ஆபீசில் ஹவுஸ்கீப்பிங் என்று பெயர். வீட்டைக் கூட்டிப் பெருக்குவது மாதிரி. பட்டியலின் தலைப்பிலேயே எழுதிவிடுவோம்: இத்திருத்தங்களால் யாருக்கும் எந்த மாற்றமும் ஏற்படாது. யாருக்கும் எந்த மாற்றமும் ஏற்படாத ஒரு வேலைக்காக ஏன் ஏழு கடல் தாண்டி வந்தேன் என்று என் அண்ணனுக்கு மட்டும் இன்று வரை விளங்கவில்லை.

3

அண்ணன் கோமதிநாயகம் ஊரில் கட்டட பிளான் வரைந்து கொடுக்கிறவர். திருவேங்கடம் ரோட்டில் ஒரு மாடியறையில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார். குருவிகுளம், கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் பைக்கில் வந்து வரைந்து வாங்கிப் போவார்கள். அண்ணன் வரைந்த எல்லா வீட்டுக்கும் நான்கு பக்கமும் காலி இடம் இருக்கும். முன்னால் கார் செட் இருக்கும். கட்டி முடித்தபின் கார் செட்டில் செல்போன் கடை இருக்கும், காலி இடத்தில் மாடிப்படி இருக்கும். காகிதத்தில் பார்த்தால் சங்கரன்கோவிலைப் போலக் காற்றோட்டமான ஊர் உலகத்தில் கிடையாது.

எங்கள் பட்டியல் மாமன்றத்துக்குப் போகும் சமயம்தான் ஊரில் ஆடித்தபசுத் திருவிழா. கொடியேறும் முன்னால் ஆக்கிரமிப்பை அகற்ற ரதவீதிகளில் ஜேசிபி வரும். போன வருடமும் அண்ணன் வீடியோ போட்டுக் காட்டினார்.

"பாத்தியாலே? ஜேசிபி தெருமுக்குல நிக்கி. இன்னும் ஒருத்தன் கடையத் தொடல. அதுக்குள்ள எல்லாவனும் தகரத்த அவனவனே கழட்டி உள்ள வச்சிட்டான்."

தேர் வர வேண்டும், அதற்காகக் கழற்றுவார்கள். சாக்கடை வாருகால் மேல் போட்ட பலகை, கடைக்கு முன்னால் இறக்கிய தகரம், படிக்கட்டின் கடைசிப் படி, எல்லாம் உள்ளே போகும். அம்பாள் ஊரைச் சுற்றி வந்து தேர் நிலைக்கு வந்ததும், எல்லாத் தகரமும் அதனதன் நிலைக்கு வந்துவிடும். சட்டத்துக்கும் சேதமில்லை, தகரத்துக்கும் சேதமில்லை. நான் அண்ணனிடம், இங்கே அப்படியெல்லாம் நடக்காது, சட்டம் என்றால் சட்டம் என்று கொஞ்சம் மிதப்பாகவே சொன்னேன்.

"அப்பம் அங்கன தேரு எப்படி ஓடும்?" என்று கேட்டார்.

4

என் மனைவி முப்பிடாதிக்கு மேலரதவீதிதான் பிறந்த வீடு. அவள் அப்பாவுக்கு அங்கே பூக்கடை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தவள். பூ வாங்க வருகிற ஆள் வீட்டில் விசேஷமா துக்கமா என்று நடையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் இங்கே வந்த புதிதில் வாயைத் திறக்காமல் இருந்தாள். சண்டை போட்டால்கூட நான் நிம்மதியாக இருந்திருப்பேன். ஜன்னலில் நின்று பனியைப் பார்ப்பாள், தெருவில் யாராவது போகிறார்களா என்று பார்ப்பாள், யாரும் போக மாட்டார்கள். ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று நானே கேட்கிற அளவுக்குப் போனது.

அவளை மீட்டது ஒரு மடக்கு மேசை. இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் கோடையில், சனிக்கிழமை காலை, முன்வாசலில் அதைப் போட்டாள். தொட்டியில் வளர்த்த கறிவேப்பிலைக் கன்று, கொல்லையில் காய்த்த கத்திரிக்காய், பச்சை மிளகாய், இட்லிப் பொடி, பருப்புப் பொடி. முதலில் ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸ் வந்தாள். அடுத்து ரிட்டயர்டு உக்ரைன் வாத்தியார் ஒருவர் வந்தார். இட்லிப் பொடியை ரொட்டியில் வெண்ணெயோடு தடவித் தின்கிறாராம். முப்பிடாதி என்று யாருக்கும் வாயில் நுழையவில்லை, மூப்பி என்கிறார்கள். அவளும் ஏதோ ஒரு இங்கிலீஷில் எல்லோரிடமும் பேசுவாள். உக்ரைன்காரருக்கும் அதே அளவு இங்கிலீஷ்தான் என்பதால் இருவருக்கும் தகராறே வந்ததில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவள் முகத்தைப் பார்த்தால் மேலரதவீதியில் பார்த்த பெண் தெரிவாள். அதைப் பார்த்துத்தான் நான் இந்த நாட்டில் தங்கினேன்.

எங்கள் மகள் கோமதிக்கு அந்த மேசை பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் கோமி. அம்மா தமிழில் கேட்பாள், இவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். எப்போதாவது பேசுகிற தமிழில் எல்லோரும் 'நீ'தான். ஊரில் இருக்கும் பெரியப்பாவைப் போனில் "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டு, அவர் சிரித்துப் புரையேறியது உண்டு. சனிக்கிழமையானால் சிநேகிதிகள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று பின்வாசல் வழியாக வெளியே போவாள். அம்மா அதைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி மிளகாயை எண்ணிக்கொண்டிருப்பாள்.

இப்போது என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடியிருப்புத் தெருவில் வாசலில் மேசை போட்டு வியாபாரம் செய்யக் கூடாது என்பது எங்கள் சட்டம். புத்தகத்தில் அது எந்தப் பக்கம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். ஆகவே என் மனைவியின் மேசை சட்டவிரோதம் என்று முதல் நாளே தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டு, ஊர்க்காரனாகப் பிறந்தவன் செய்கிறதைச் செய்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால்தானே வம்பு? வாசலைப் பார்க்காமல் காரை எடுத்துக்கொண்டு போவேன். வீட்டுக்குள் இருக்கிற ஆக்கிரமிப்பை வெளியே சொல்லாமல் காப்பாற்றுகிற பெருமையோடு வருடக்கணக்காக நடந்துகொண்டேன்.

5

போன வருடப் பட்டியலில் எனக்குப் பெருமை தந்த ஒரு திருத்தம் இருந்தது. இந்த நகரம் முன்பு பண்ணைகள் சூழ்ந்த சிற்றூர். அப்போது ஓரத்துத் தெருக்களைத் தோட்டக் குடியிருப்பு மண்டலம் என்று குறித்திருந்தார்கள். பிற்பாடு வரைபடத்தைப் புதிதாகப் போட்டபோது அந்த மண்டலத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் புத்தகத்தில் அதன் பெயர் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. செத்துப்போன ஆளுக்கு ரேஷன் கார்டு இருக்கிற மாதிரி.

கம்ப்யூட்டரில் அந்தப் பெயரைக் கொடுத்துத் தேடினேன். எங்கெல்லாம் வருகிறதோ அத்தனை இடத்தையும் நீக்கவும் என்று ஒரே உருப்படியாக எழுதினேன். எங்கள் பிரிவின் தலைவி பமேலா பார்த்துவிட்டு, "எத்தனை சுத்தமான வேலை!" என்றாள். அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரிடம் அதைச் சொன்னேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

இங்கே சட்டத்தைத் திருத்தும் முன்னால் பொதுமக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். எந்தெந்த வீட்டுக்குச் சம்பந்தம் இருக்கிறதோ அந்தந்த வீட்டுக்கு மஞ்சள் அட்டை ஒன்று தபாலில் போகும். அனுப்புவது வேறு பிரிவு. ஒரு நாள் சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது காபி டம்ளருக்குப் பக்கத்தில் அந்த மஞ்சள் அட்டை இருந்தது.

"என்னங்க, இது உங்க ஆபீஸ்ல இருந்துதான வந்திருக்கு? என்னமோ வரிய எடுக்கப் போறாங்களாம், நம்ம வீட்டுக்குப் பாத்தியப்பட்டதாம். கோமி வாசிச்சுச் சொன்னா."

வாங்கிப் பார்த்தேன். நான் எழுதிய வாசகம்.

"நமக்கு ஒண்ணும் இல்லை இது" என்றேன். "பழைய மண்டலம். இப்ப இல்லாத ஒண்ணு."

"இல்லாத ஒண்ணா? அத வச்சுத்தான நான் மேசை போட்டிருக்கேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் பொறுமையாகச் சொன்னாள். குடிவந்த வாரமே நகராட்சிக் கவுண்டருக்குப் போயிருக்கிறாள். வாசலில் மேசை போடலாமா என்று கேட்டிருக்கிறாள். கவுண்டரில் இருந்த அம்மாள் வீட்டு எண்ணைப் பார்த்து, உங்கள் தெரு முன்பு தோட்டக் குடியிருப்பில் இருந்த தெரு, மண்டலம் போனாலும் பழைய வீடுகளுக்கு உரிமை போகாது என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது, வீட்டில் விளைந்ததையும் செய்ததையும் தாராளமாக விற்கலாம் என்று சொல்லி, சுகாதாரப் பிரிவில் பொடிக்கு ஒரு சான்றிதழும் வாங்க வழி காட்டியிருக்கிறாள்.

"அப்ப நீ சட்டப்படியா போட்டிருந்தே?" என்றேன்.

"பின்ன? நகராட்சிக்காரன் பொண்டாட்டி சட்டம் இல்லாமலா போடுவா?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பூக்கடையில் உட்கார்ந்து ஆளை எடைபோட்டுப் பழகிய கண். "ஏன் கேக்கிய? நீங்க என்ன நெனச்சிய இத்தன நாளும்?"

நம்மில் ஒருத்தி கவுண்டருக்குப் போய்க் கேட்டு, முறையாக அனுமதி வாங்கி ஒரு கடை போட்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் அந்த வரியை நீக்கும் முன் ஒரு தடவை வாசித்துப் பார்த்திருப்பேன். மேசைக்கு மேல் இருந்த ஒரே கூரையை நானே கழற்றிவிட்டேன்.

என் பட்டியல் வேலை தெரிந்த கோமி ரொட்டியைக் கடித்துக்கொண்டே கேட்டாள்: "அப்பா, நீ டெலீட் பண்றதுக்கு முன்னாடி யாராவது யூஸ் பண்றாங்களான்னு செக் பண்ணலையா?"

"இவர்தான் எழுதினதா?" என்றாள் முப்பிடாதி. "வீட்டக் கூட்டுதேன் கூட்டுதேன்னு என் கடையையும் சேத்துக் கூட்டித் தள்ளிட்டியளோ?"

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

6

மறுநாள் பமேலாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். இந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடலாமே என்றேன். அவள் எழுந்து கதவைச் சாத்தினாள். என் நேர்மையை மனதாரப் பாராட்டினாள். அத்தோடு எல்லாம் முடிந்தது. மனைவிக்கு ஆதாயம் இருப்பதால் நலன் முரண் வந்துவிட்டதாம். இனி அந்த உருப்படியை நான் தொடக் கூடாது, அதைப் பற்றி ஆபீசில் எவரிடமும் பேசக் கூடாது, கூட்டத்தன்று அதிகாரிகள் வரிசையில் உட்காரக் கூடாது. டேரன் என்ற இளைஞனிடம் அதை ஒப்படைத்தாள். டேரன் அதிபுத்திசாலி. என் வாசகத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், யாருக்கும் எந்த மாற்றமும் ஏற்படாது என்று கையெழுத்துப் போட்டான்.

அண்ணனிடம் சொன்னேன்.

"ஏலே, உன் பொண்டாட்டி கடைய உன் கையாலயே அடிச்சு எழுதினியா? நம்ம ஊர்ல ஒருத்தன் இப்படிச் செஞ்சா, புருசன் பொண்டாட்டிக்குள்ள ஆகாதுன்னுல்லா நெனைப்பாங்க!"

"தெரியாம நடந்துபோச்சுண்ணே."

"சரி, உள்ளதான இருக்க? ஒரு வார்த்த சொல்லி நிறுத்து."

"உள்ள இருக்கதாலதான் சொல்லக் கூடாதாம்."

"வெளிய இருக்கவன் சொல்லலாமா?"

"யார் வேணும்னாலும் சொல்லலாம். தெருவுல போறவன்கூடச் சொல்லலாம். நான்தான் கூடாது."

"அப்பம் அந்த நாற்காலி எதுக்குலே உனக்கு?" என்றார். பிறகு வழக்கம்போல வழி சொன்னார். "ஒண்ணும் பதறாத. சட்டம் வரட்டும். மேசைய ஒரு மாசம் உள்ள எடுத்து வையி. பாத்துட்டுப் போவாங்கள்லா, போனதும் மறுபடி வெளிய போட்டுக்கிடு. தகரம் மாதிரி."

எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. வெட்கம்தான், ஆனாலும் பட்டது. அடுப்படியில் போய் முப்பிடாதியிடம் மெதுவாகச் சொன்னேன். மாவு அரைத்துக்கொண்டிருந்தவள் மிக்சியை நிறுத்தி, இதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

"உங்க அண்ணாச்சிக்குத் தகரத்தப் பத்தி என்ன தெரியும்? எங்க அப்பா ஒருநாளும் யாருக்கும் பயந்து கழட்டினதில்ல. தேரு வருது, வழி விட்டாங்க. இங்கன எனக்குன்னு நானே கேட்டு, நானே வாங்கினது இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் உங்க வேலையால வந்தது, உங்க விசாவால வந்தது. இதையும் ஒளிச்சு வச்சு யாவாரம் பண்ணச் சொல்லுதியளா?"

கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். அந்த அட்டையில் பேச விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று போட்டிருந்தது. அவள் ஏற்கெனவே கொடுத்திருந்தாள்.

7

கூட்டத்தன்று நான் கடைசி வரிசையில் பொதுமக்களோடு உட்கார்ந்தேன். முன்னால் அதிகாரிகள் வரிசையில் என் நாற்காலி காலியாக இருந்தது. முப்பிடாதி, தங்கை கல்யாணத்துக்கு எடுத்த மாம்பழக் கலர் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். காலில் ஷூ. பக்கத்தில் கோமி, மொழிபெயர்க்க. எப்படிச் சம்மதித்தாள் என்று தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிற பழக்கம் அன்றைக்காவது எனக்கு நல்லது செய்தது.

பேச ஐந்து நிமிடம். முப்பிடாதி மைக்கைப் பிடித்துக்கொண்டு தமிழில் தொடங்கினாள். ஊர், மேலரதவீதி, அப்பாவின் பூக்கடை, கடைக்கு முன்னால் இறக்கிய தகரம், மார்க்கெட்டிலிருந்து பூ வருகிற நேரம் என்று நீளமாகச் சொல்லி நிறுத்தினாள். கோமி இங்கிலீஷில், "என் தாத்தாவுக்கு ஒரு கடை இருந்தது" என்றாள்.

"ஏட்டி, நான் இவ்வளவு சொல்லுதேன், நீ ஒரு வார்த்தையில முடிச்சிட்ட? பூவச் சொல்லு. தகரத்தச் சொல்லு" என்று மைக்கிலேயே சொன்னாள் முப்பிடாதி. மன்றத்தில் யாருக்கும் தமிழ் தெரியாவிட்டாலும் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா பெண்ணைத் திட்டுவது எந்த மொழியிலும் தெரியும்போலிருக்கிறது. கோமி காது சிவக்கப் பூவையும் தகரத்தையும் சொன்னாள். அதன் பிறகு ஒன்றையும் விடவில்லை.

தேர் வந்ததும் கொஞ்சம் சிக்கலாகிவிட்டது. கோமி அதை, தெய்வம் உட்கார்ந்து வருகிற மிகப் பெரிய மர வண்டி, ஆட்கள் வடம் பிடித்து இழுப்பார்கள் என்றாள். போக்குவரத்துப் பொறியாளர் நிமிர்ந்து உட்கார்ந்து, சக்கரம் ஒன்றுக்கு எவ்வளவு பாரம் இறங்கும் என்று கேட்டார். மேயர் அவரைப் பார்த்த பார்வையில் அவர் பேனாவை மூடிவிட்டார்.

முப்பிடாதி கடைசியாகச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தேரு வாரப்ப யாரும் சொல்லாமலே நாங்க தகரத்தக் கழட்டிருவோம். ஏன்னா வாரது யாருன்னு எங்களுக்குத் தெரியும். இங்கன என் மேசைய எடுக்கச் சொல்லுதிய. சரி, எடுக்கேன். யாரு வாரா?"

கோமி மொழிபெயர்த்தாள். மேயர் மெதுவாக அதிகாரிகள் பக்கம் திரும்பினார். "யார் வருகிறார்கள்?" என்று கேட்டார்.

டேரன் எழுந்து முன் பக்கத்தைப் புரட்டினான், பின் பக்கத்தைப் புரட்டினான். "எங்கள் பதிவுகளின்படி யாரும் வரவில்லை, மேயர் அவர்களே" என்றான்.

அந்த ஒரு வரியை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் ஒருமனதாக நிறைவேற்றினார்கள். வெளியே வந்ததும் முப்பிடாதி என்னிடம் பேசினாள். "காரை எங்க நிப்பாட்டியிருக்கிய? செருப்பு இல்லாம இந்த ஷூ காலக் கடிக்கி" என்றாள். இத்தனை இனிமையான வாக்கியத்தை நான் கேட்டு நாளாகியிருந்தது.

கோமி இப்போது சனிக்கிழமைகளில் முன்வாசல் வழியாகப் போகிறாள். காதில் ஹெட்போன் இருக்கிறது, மேசைப் பக்கம் திரும்புவதில்லை. ஆனாலும் முன்வாசல்.

8

அதனால் வந்த வினைதான் ஹெலன் கண்டுபிடித்த பிழை. புத்தகத்தில் மற்ற எல்லா இடத்திலும் தோட்டக் குடியிருப்பு போய்விட்டது. இந்த வரி மட்டும் சொந்தபந்தம் எதுவும் இல்லாமல் தனியாக நிற்கிறது. வெளிப்பார்வைக்கு அப்பட்டமான பிழை. டேரனோ பதவி உயர்வில் வேறு நகரத்துக்குப் போய்விட்டான். எங்கள் பிரிவில் விவரம் தெரிந்தவர்கள் பமேலாவும் நானும்தான். பமேலா விடுமுறையில் இருந்தாள், நான் வாயைத் திறக்கக் கூடாது.

விதியை எடுத்து மறுபடி வாசித்தேன். அந்த உருப்படியைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது என்றுதான் இருக்கிறது. வீட்டு விலாசம் கொடுக்கக் கூடாது என்று இல்லை. வெள்ளிக்கிழமை ஹெலனிடம் போய், "நாளை காலை எங்கள் வீட்டுப் பக்கம் வாயேன். என் மனைவி நல்ல கறிவேப்பிலைக் கன்று வைத்திருக்கிறாள்" என்றேன். அண்ணன் கேட்டிருந்தால் இப்போதுதான் நான் ஊர்க்காரனாகிறேன் என்று சந்தோஷப்பட்டிருப்பார்.

ஹெலன் வந்தாள். உக்ரைன் வாத்தியார் அவளுக்கு இட்லிப் பொடியை ரொட்டியில் தடவிக் காட்டினார். முப்பிடாதி அவள் வாங்கிய கன்றை எந்த ஜன்னலில் வைக்க வேண்டும், குளிர்காலத்தில் எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று வெகுநேரம் சொன்னாள். போகும்போது ஹெலன் தெருவை ஒரு முறை பார்த்தாள், வீட்டு எண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை பட்டியல் என் மேசைக்கு வந்தது. அந்த உருப்படியைக் கோடு போட்டு அடித்திருந்தாள். ஓரத்தில் காரணம் எழுதியிருந்தது: நேரில் ஆய்வு செய்யப்பட்டது. இந்தப் பிழை பயன்பாட்டில் உள்ளது.

அன்று சாயங்காலமே அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். "ஏலே, அத அப்படியே இங்கிலீஷ்ல எழுதி எனக்கு வாட்ஸ்அப்ல போடு. இங்கன நெறைய எடத்துக்கு வேணும்" என்றார். இந்த வருட ஜேசிபி தெருமுக்குக்கு வந்துவிட்டதாம்.

இன்று சனிக்கிழமை. காலையில் முப்பிடாதி மேசையை வெளியே எடுத்துக்கொண்டிருந்தபோது அவளிடமும் சொன்னேன். அவள் துடைத்துக்கொண்டிருந்த துணியைத் தோளில் போட்டாள்.

"பயன்பாட்டுல இருக்குல்லா? பொறவு அதுல என்ன பிழை?" என்றாள். "அந்தப் பக்கத்தப் பிடிங்க."

நலன் முரண் விதியின்படி அந்த மேசையை நான் தொடலாமா என்று பமேலாவைக் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தைப் பிடித்தேன்.